கண் விழித்திருந்த மவுண்ட் ரோடு!

மணி இரவு 1.

ஊர் உறங்கும் நேரம். ஆனால் மவுண்ட் ரோடு உறங்கவில்லை!

சினிமாக் கொட்டகைகளின் கதவுகள் திறக்கின்றன. ஜனங்கள் திபுதிபு என்று வெளியே வருகிறார்கள். புருஷன் தோளில் தூங்கும் குழந்தை. மனைவி கையில் காலித் தூக்கு. கூடவே வரும் பாட்டி, படத்தில் செத்துப்போன கதாநாயகிக்காக இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கிறாள். ரிக்ஷாக்காரர்கள் வாடகை பேசுகிறார்கள். கோலி சோடா "டப்" என்று உடைகிறது. டீக்கடை பாய்லரில் ஆவி பறக்கிறது.

1960ஆம் ஆண்டை ஒட்டிய சென்னையின் இரவு இது.

அந்த ஜனங்கள் வெளியே வந்த கொட்டகைகள் இன்று எங்கே? சில இருக்கின்றன. பல இல்லை. இருந்த இடத்தில் நின்று தேடினால்கூட ஒரு செங்கல் கிடைக்காது.

மது இல்லாத இரவு

"இரவு வாழ்க்கை" என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். குடி, கூத்து, ஆட்டம் என்று நினைப்பார்கள். சென்னை அப்படி இல்லை.

ஏன் தெரியுமா?

1948ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அது 1971 வரை நீடித்தது. குடிப்பதற்கு "பெர்மிட்" வாங்கி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு, தெரிந்து குடிக்க இடம் கிடையாது. (தெரியாமல் குடித்தவர்கள் கதை வேறு!)

ஆகவே, பொழுது சாய்ந்தபிறகு சென்னைக்காரர்கள் போக நான்கு இடங்கள்தான் இருந்தன. சினிமா. நாடகம். சங்கீதக் கச்சேரி. கடற்கரை. நான்கும் பெண்டு பிள்ளைகளோடு போகக்கூடிய இடங்கள். அதனால்தான் நள்ளிரவு தாண்டியும் மவுண்ட் ரோட்டில் குழந்தைகளைப் பார்க்க முடிந்தது. 

தபால் ஆபீசுக்குள் ஒரு கொட்டகை

இந்த இரவுக்கு முதல் விளக்கு ஏற்றியவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் வார்விக் மேஜர். 1913இல் மவுண்ட் ரோட்டில் "எலெக்ட்ரிக் தியேட்டர்" என்று ஒரு கொட்டகை கட்டினார். படம் காட்டுவதற்கு என்றே சென்னையில் நிரந்தரமாகக் கட்டப்பட்ட முதல் கொட்டகை அதுதான் என்பார்கள்.

பேசாத படங்கள். பியானோ வாசிப்பார்கள். திரையில் உதடு அசையும், சத்தம் வராது. அதையே வாய் பிளந்து பார்த்தார்கள் ஜனங்கள்.

ஆனால் கொட்டகை நெடுநாள் நடக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே தபால் இலாகா அதை வாங்கிக்கொண்டது.

அடுத்து வந்தவர் ரகுபதி வெங்கையா. இவர் நம் நாட்டுக்காரர். மவுண்ட் ரோட்டில் போட்டோப் படம் எடுக்கும் தொழில் நடத்தியவர். வெள்ளைக்காரன் படம் காட்டிக் காசு வாங்குவதைப் பார்த்தார். "நாம் காட்டினால் என்ன?" என்று நினைத்தார். கூடாரம் போட்டுக் காட்டினார். ஊர் ஊராகப் போனார். கடைசியில் 1914இல் மவுண்ட் ரோட்டை ஒட்டிச் சொந்தமாக ஒரு கொட்டகை எழுப்பினார். அதுதான் "கெயிட்டி". சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அது. பிறகு தங்கசாலைத் தெருவில் "கிரவுன்", புரசைவாக்கத்தில் "குளோப்" என்று மேலும் இரண்டு கட்டினார். குளோப்தான் பின்னால் "ராக்சி" ஆயிற்று.

கெயிட்டி இன்று இல்லை. கிரவுன் இல்லை. ராக்சியும் இல்லை. வெள்ளைக்காரர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் நிற்கிறது! காரணம், தபால் இலாகா அதை இடிக்கவில்லை, உபயோகித்துக்கொண்டது.

பெட்டிக்கு மாலை!

1931 அக்டோபர் 31. முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வெளியான நாள். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி.

படப் பெட்டி பம்பாயில் இருந்து வந்தது. அதை ஊர்வலமாக எடுத்துப் போனார்களாம். வால்டாக்ஸ் ரோடு நெடுகிலும் ஜனங்கள் கூடிப் பூத் தூவினார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். சாமி புறப்பாட்டுக்குச் செய்வதை எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குச் செய்தார்கள்!

படம் ஓடிய கொட்டகை "கினிமா சென்ட்ரல்". பின்னாளில் "முருகன் டாக்கீஸ்" என்று பெயர் மாறியது. தமிழ் பேசிய முதல் திரை அது. அதுவும் இன்று இல்லை.

அதே வால்டாக்ஸ் ரோட்டில் இன்னொரு கொட்டகையும் இருந்தது. அது நாடகக் கொட்டகை. "ஒற்றைவாடை தியேட்டர்" என்று பெயர். தெருவில் ஒரு பக்கம் மட்டும் வீடுகள் இருந்ததால் தெருவுக்கு அப்படிப் பெயர். தெருவின் பெயர் கொட்டகைக்கு வந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து நாடகம் தொடங்கினால் கோழி கூவும்போதுதான் முடியும். பாய், தலையணையோடு வந்தவர்களும் உண்டு. தூங்கியவர்களை ராஜபார்ட்டின் உச்சஸ்தாயி எழுப்பிவிடும்!

விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கிக் காட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலில் நடந்தன. சிசோம் என்ற ஆங்கிலேயர் படம் போட்டு, நம்பெருமாள் செட்டியார் கட்டிய சிவப்புக் கட்டடம் அது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடை ஏறினார்கள். "கூத்தாடி" என்று ஏளனம் செய்த வாய்கள் அடைத்துப் போயின.

அந்த ஹால் இன்னும் நிற்கிறது. பல ஆண்டு பூட்டிக் கிடந்து பாழாகி, இப்போது மாநகராட்சியின் செலவில் புத்துயிர் பெற்று இருக்கிறது.

ரவுண்டாணா

மவுண்ட் ரோடும் வாலாஜா ரோடும் கூடும் இடத்துக்கு "ரவுண்டாணா" என்று பெயர். "ரவுண்டு" என்றால் வட்டம். "தாணா" என்றால் போலீஸ் காவல் நிலையம். இரண்டும் சேர்ந்து ரவுண்டாணா என்பார்கள்! 1968இல் அங்கே அண்ணா சிலை வந்தது. பின்னால் மவுண்ட் ரோடே "அண்ணா சாலை" ஆயிற்று.

சென்னை இரவின் நடு மையம் இந்த ரவுண்டாணாதான். சுற்றிலும் கொட்டகைகள். எல்பின்ஸ்டன், வெலிங்டன், கெயிட்டி, காசினோ. டிராம் வண்டிகள் மணி அடித்துக்கொண்டு போகும். (டிராம் 1953 ஏப்ரலில் நின்றுவிட்டது.)

நியூ எல்பின்ஸ்டனில் இங்கிலீஷ் படம். படத்தைவிட அங்கே இருந்த ஜாபர் ஐஸ்கிரீம் கடைக்குத்தான் பேர். நீளமான கண்ணாடிக் கோப்பையில், நீளமான கரண்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். காலேஜ் பையன்கள் ஒரு கோப்பை வாங்கி நான்கு கரண்டி கேட்பார்களாம்!

அந்த இடத்தில் இன்று ரஹேஜா காம்ப்ளெக்ஸ். வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா. பெயர் மட்டும் மிச்சம்.

1951இல் புகாரி ஓட்டல் வந்தது. படம் விட்டு வருகிறவர்களுக்குப் பிரியாணி வாசனை வழிமறித்தது. "சிக்கன் 65" பிறந்தது இங்கேதான், 1965ஆம் ஆண்டில் என்பார்கள். ஓட்டல் இன்றும் நடக்கிறது.

பணக்காரர்களின் இரவு வேறு. மவுண்ட் ரோட்டை ஒட்டி வெள்ளைத் தூண்களோடு பெரிய மாளிகை ஒன்று இருந்தது. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் அங்கேதான் நடந்தது. வெள்ளைக்காரர்கள் குடித்தார்கள், சீட்டாடினார்கள். இந்தியர்களுக்கு அங்கத்தினர் ஆகும் உரிமை இல்லை. சுதந்திரம் வந்த பிறகும் பல ஆண்டுகள் இதே கதை! இந்தியர்கள் 1873இல் தங்களுக்கு என்று காஸ்மாபாலிடன் கிளப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். காஸ்மாபாலிடன் கிளப்பின் பழைய கட்டடம் மவுண்ட் ரோட்டில் இன்னும் இருக்கிறது. வெள்ளைத் தூண் மாளிகை போய்விட்டது. கிளப் அடையாற்றுக்குப் போயிற்று.

விளக்கு அணைந்த இரவுகள்

மவுண்ட் ரோட்டின் விளக்குகள் பயந்து அணைந்த காலமும் உண்டு.

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி சுமார். ஜெர்மன் கப்பல் எம்டன் கடலில் இருந்து குண்டு வீசியது. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஊர் காலியாயிற்று. துணிந்த ஆளை "எம்டன்" என்று நாம் சொல்கிறோமே, அது அந்த இரவில் வந்த சொல்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மறுபடியும் ஓட்டம். சர்க்கார் ஆபீசுகளே வெளியூர் போயின. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலைச் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாவம், அவை என்ன செய்தன?

பதினாலு மாடி

வெளியூர்க்காரர் சென்னைக்கு வந்தால் இரண்டைப் பார்க்காமல் திரும்பமாட்டார். ஒன்று கடற்கரை. மற்றது "பதினாலு மாடி".

மவுண்ட் ரோட்டில் 177 அடி உயரத்துக்கு நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் அது. 1959இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம். இரவில் விளக்குப் போட்டால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை தவறும். மறுபடி முதலில் இருந்து எண்ணுவார்கள்!

இதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். தம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக 1953இல் வேலையை ஆரம்பித்தார். மறு ஆண்டே சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் மாண்டார். 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கனவு கண்டவர் பார்க்கவில்லை; கம்பெனிக்கும் கிடைக்கவில்லை. கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போயிற்று. 1975இல் பெரிய தீ பிடித்தது. அதையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

அதே எல்.ஐ.சி.க்கு மவுண்ட் ரோட்டில் இன்னொரு கட்டடமும் உண்டு. அதன் கதை சோகக் கதை. கொஞ்சம் பொறுங்கள்.

குளிர்ச்சிக்கு ஒரு டிக்கெட்!

1961 ஜனவரியில் "சாந்தி" திறந்தது. திறந்து வைத்தவர் காமராஜர். பின்னால் அது சிவாஜி கணேசனின் கொட்டகை ஆயிற்று. உள்ளே குளிர்சாதன வசதி. 1962இல் "ஆனந்த்". 1964இல் "சபையர்".

சபையர் ஓர் அதிசயம். ஒரே கட்டடத்தில் மூன்று கொட்டகைகள்: சபையர், புளூ டைமண்ட், எமரால்ட். 70 மில்லி மீட்டர் அகலப் படத்தில் "கிளியோபாட்ரா" ஓடியது. புளூ டைமண்டில் தொடர்காட்சி. எந்த நேரத்திலும் நுழையலாம். பாதிப் படத்தில் உள்ளே போய், முடிவைப் பார்த்து, பிறகு ஆரம்பத்தைப் பார்த்துவிட்டு வரலாம்! வெயில் காலத்தில், படம் எதுவாக இருந்தாலும் சரி என்று டிக்கெட் வாங்கிப் போய்த் தூங்கியவர்கள் உண்டு. வீட்டில் மின்விசிறிகூட இல்லாத காலம். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

சிவாஜி படம் என்றால் சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி. மூன்றும் சேர்த்தே சொல்வார்கள். 1965இல் "திருவிளையாடல்" மூன்றிலும் வெள்ளி விழாக் கொண்டாடியது. டிக்கெட் எடுக்கப் பெண்களுக்குத் தனி வரிசை. வாசலில் பாட்டுப் புத்தகம் சில காசுக்குக் கிடைக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள், அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துப் பழகியதும் உண்டு.

மூன்று கொட்டகைகளும் இன்று இல்லை. சாந்தி கடைசியாக 2016இல் மூடியது. சபையரும் ஆனந்தும் அதற்கு முன்பே தரைமட்டம்.

தீ தின்றது பாதி

கட்டடங்கள் எப்படி மறைந்தன? சிலவற்றைத் தீ தின்றது.

ஸ்பென்சர் கடையின் பழைய கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. கோபுரமும் வளைவும் கொண்ட செங்கல் மாளிகை. 1983இல் எரிந்தது.

1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட்! 1900இல் திறந்த அந்த மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் இல்லை. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், உடைந்த கடிகாரம் எல்லாம் கிடைக்கும். சாயங்காலம் விளக்கு வைத்தபிறகுதான் கூட்டம். ஒரே தீயில் போயிற்று. கடைக்காரர்கள் பக்கத்தில் உள்ள அல்லிக்குளம் கட்டடத்துக்குப் போனார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் இன்று புறநகர் ரெயில் நிலையம்.

மீதியைத் தின்றது நிலத்தின் விலை.

ஒரு கொட்டகையில் ஆயிரம் பேர் உட்கார இடம் வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். அவ்வளவு நிலத்தில் மாடி மேல் மாடி கட்டிக் கடைகளாக விட்டால் எத்தனை வாடகை! வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் குறைந்தது. கொட்டகைக்காரர் கணக்குப் பார்த்தார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் ஓட்டல் 1962இல் இருந்து நடந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால், கார்க் கதவில் தட்டை மாட்டி இட்லி, வடை கொடுப்பார்கள். கார் இல்லாதவர்களும் போனார்கள். ஒரு காபியை வைத்துக்கொண்டு சினிமாக் கதை பேசினார்கள். 2008இல் மூடினார்கள். இன்று அது செம்மொழிப் பூங்கா. ஓட்டல் போனாலும் மரங்கள் தப்பின.

கோர்ட்டு தடுத்தது

இனி, அந்தச் சோகக் கதை.

பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897இல் ஸ்மித் என்பவரின் மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. சிவப்புச் செங்கல், கூம்புக் கோபுரங்கள், நீண்ட தாழ்வாரங்கள். மவுண்ட் ரோட்டில் இதைப் பார்த்து வழி சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி கைமாறி, இதுவும் எல்.ஐ.சி.யிடம் வந்தது.

2006இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

பழைய கட்டடங்களைக் காக்கும் "இன்டாக்" சங்கம் ஐகோர்ட்டுக்கு ஓடியது. கோர்ட்டு தடை விதித்தது. 2010இல் தீர்ப்பு வந்தது: இடிக்கக்கூடாது! ஆனால் அதற்குள் ஒரு பகுதி இடிந்துவிட்டது. இடித்தவர்கள் நிறுத்தினார்கள், கட்டுகிறவர்கள் வரவில்லை. கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்தது.

காக்கவேண்டிய கட்டடங்கள் எவை என்று சென்னையில் ஒரு பட்டியல் உண்டு. 467 கட்டடங்கள். இந்தப் பட்டியல் கோர்ட்டில் வந்தது எந்த வழக்கில் தெரியுமா? விளம்பரப் பலகை வழக்கில்! பெரிய பெரிய பலகைகள் பழைய கட்டடங்களை மறைக்கின்றன என்ற பேச்சு வந்தது. அப்படியானால் பழைய கட்டடங்கள் எவை? எண்ணினார்கள். பட்டியல் கிடைத்தது. 2012இல் இதற்கு என்று ஒரு சட்டமும் சட்டசபையில் நிறைவேறியது. அதே ஆண்டில்தான், மெட்ரோ ரெயில் வேலைக்காக, மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி.ஆர். அண்ட் சன்ஸ் வளாகத்தின் ஒரு பகுதி இடிபட்டது.

இன்றும் போகலாம்

இத்தனைக்குப் பிறகும் சிலது மிஞ்சி இருக்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் திறந்தது. சிவப்பு நிறம், அரைவட்டமான ஆசன வரிசைகள். இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது. மியூசிக் அகாடமியின் 1962ஆம் ஆண்டுக் கட்டடத்தில், மார்கழி பிறந்தால் இரவு வரை கச்சேரி. மவுண்ட் ரோட்டில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் 1904ஆம் ஆண்டுக் கட்டடம் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. 1970இல் வந்த தேவி தியேட்டர் புதுக் கருவிகளோடு நடக்கிறது. ரவுண்டாணாவின் பழைய கூட்டாளிகளில் காசினோ மட்டும் பெயர் மாறாமல் தாக்குப் பிடித்தது.

மெட்ராஸ் கிளப்பின் வெள்ளைத் தூண்கள் இருந்த நிலத்தில் 2010இல் எக்ஸ்பிரஸ் அவின்யூ என்ற பிரமாண்டமான கடை வளாகம் வந்தது. உள்ளே பல சினிமா அரங்குகள். ராத்திரி ஆட்டம் முடிந்து குடும்பம் குடும்பமாக வெளியே வருகிறார்கள். முன்பு எந்த வாசலில் இந்தியனுக்கு அனுமதி இல்லையோ, அந்த நிலத்தில்! ஆனால் டிக்கெட் விலையைக் கேட்டால் ரிக்ஷாக்காரர் குடும்பம் உள்ளே போக முடியாது.

எலெக்ட்ரிக் தியேட்டருக்குப் போக டிக்கெட் வேண்டாம். அண்ணா சாலைத் தலைமைத் தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் போய், தபால்தலை சேகரிப்போருக்கான நிலையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே வந்து, புதுத் தபால்தலைகளைப் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். சென்னைக்கு ராத்திரியில் கண் விழிக்கக் கற்றுக்கொடுத்த அந்தக் கொட்டகையை, இப்போது பொழுது சாயும் முன்பே பூட்டிவிடுகிறார்கள்.